மலிவு வாட்டர் கூலிங் கிட்: திருகோணமலை வெக்கைக்கு எதை வாங்குவது, எப்படி நீடிக்க வைப்பது

சூடான கச்சான் காற்று வீசத் தொடங்கினால் திருகோணமலையில் கொம்பியூட்டர் திருத்துபவர்களிடம் ஒரே முறைப்பாடுதான் திரும்பத் திரும்ப வரும். கேம் தொடங்கி அரை மணித்தியாலத்தில் மெஷின் தானாக நிற்கிறது. அல்லது வீடியோ எடிட் பண்ணும்போது ஃபேன் இரைந்து இரைந்து வேகம் குறைகிறது. அடுத்த கேள்வி, "வாட்டர் கூலிங் போட்டால் சரிவருமா?" இணையக் கடைகளில் மலிவு கிட்கள் நிறைய. பெட்டியில் "250 வாட் வரை" என்று அச்சடித்திருக்கும். அதே கிட் ஒருவருக்கு நான்கு வருடம் உழைக்கிறது, இன்னொருவருக்கு எட்டாவது மாதத்தில் அடைத்துக்கொள்கிறது. இந்த வித்தியாசத்துக்குக் காரணம் பெரும்பாலும் பெட்டியில் எழுதாத இரண்டு விஷயங்கள்: உள்ளே இருக்கும் உலோகம் எது, அதில் ஓடும் தண்ணீர் எது. அங்கே போவதற்கு முன் வேலை செய்யும் விதத்தைப் பார்த்துவிடலாம்.

சூடு எங்கே போகிறது

புரொசஸர் எடுக்கும் மின்சாரம் முழுவதும் கடைசியில் வெப்பமாகத்தான் வெளியே வருகிறது. 100 வாட் எடுத்தால் 100 வாட் வெப்பம். வாட்டர் கூலிங் அந்த வெப்பத்தை அழிப்பதில்லை, புரொசஸரின் மேலிருந்து எடுத்துக் கேசிங்கின் ஓரத்தில் இருக்கும் ரேடியேட்டருக்குக் கொண்டுபோய் அறைக் காற்றில் விடுகிறது. கிட் போட்டதால் அறை குளிர்ந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அறைக்குள் வந்து சேரும் சூடு அதே அளவுதான்.

பாகங்கள் நான்கு. புரொசஸரின் மேல் உட்காரும் செம்புத் தட்டு, அதாவது கோல்ட் பிளேட். தண்ணீரைச் சுற்றவைக்கும் பம்ப். ரேடியேட்டரும் அதன் ஃபேன்களும். இவற்றை இணைக்கும் டியூப்.

தண்ணீரைத் தேர்ந்ததற்குக் காரணம் அது வெப்பத்தைப் பிடித்துவைக்கும் அளவு. ஒரு லீற்றர் தண்ணீர் ஒரு பாகை சூடேற 4186 ஜூல் வேண்டும். அதே கனவளவுக் காற்றுக்கு வேண்டியதைவிட இது மூவாயிரம் மடங்குக்கும் மேல். இதிலிருந்து ஒரு சின்னக் கணக்குப் போடலாம். பம்ப் நிமிடத்துக்கு ஒரு லீற்றர் ஓட்டுகிறது, புரொசஸர் 150 வாட் தருகிறது என்று வையுங்கள். கோல்ட் பிளேட்டுக்குள் போகும் தண்ணீருக்கும் வெளியே வரும் தண்ணீருக்கும் இடையே வித்தியாசம் ஏறத்தாழ 2 பாகை மட்டுமே. ஆகவே லூப், அதாவது தண்ணீர் சுற்றிவரும் பாதை, முழுவதும் தண்ணீர் கிட்டத்தட்ட ஒரே சூட்டில்தான் இருக்கும். பெரிய பம்ப் வாங்கினால் அதிகம் குளிரும் என்று காசை அங்கே கொட்டுவதில் பயன் குறைவு. காசு போக வேண்டியது ரேடியேட்டரின் பரப்புக்கு.

34 பாகை அறையில் என்ன எதிர்பார்க்கலாம்

சாதாரண ரேடியேட்டரால் தண்ணீரை அறையின் சூட்டுக்குக் கீழே கொண்டுபோக முடியாது. இது இயற்பியல், கம்பெனியின் திறமையில் தங்கிய விஷயம் இல்லை. வெளிநாட்டு விமர்சனங்களைப் பெரும்பாலும் 21, 22 பாகை அறையில் செய்கிறார்கள். அங்கே ஒரு புரொசஸர் 72 பாகை காட்டினால், ஏசி இல்லாத நம் அறையில், ஆடி மாதப் பகலில், 84 என்று எடுத்துக்கொள்ளுங்கள். அறை எத்தனை பாகை ஏறுகிறதோ, புரொசஸரும் ஏறத்தாழ அத்தனை பாகை ஏறும். ஏஎம்டியின் ரைசன் 5000 வரிசையின் பல புரொசஸர்கள் 90 பாகையிலும், ரைசன் 7000 வரிசை 95 பாகையிலும், இன்டெலின் 12 முதல் 14ஆம் தலைமுறை வரையான கோர் வரிசைகள் 100 பாகையிலும் தாமாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். 84 என்பது ஆபத்து இல்லை, ஆனால் மேலே மிஞ்சியிருக்கும் இடம் கொஞ்சம்தான்.

அதனால் கிட் வாங்க முன் ஒன்றைச் செய்து பார்ப்பதுதான் சரி. பயோஸுக்குள், அதாவது மெஷின் தொடங்கும்போது திறக்கும் அமைப்புப் பக்கத்துக்குள், போய் புரொசஸரின் மின் எல்லையைக் குறையுங்கள். இன்டெல் கோர் ஐ7-13700கே உச்சத்தில் 253 வாட் வரை இழுக்கும், அதன் அடிப்படை எல்லை 125 வாட். ரைசன் 7 5800எக்ஸ் 142 வாட் வரை போகும். இவற்றை 125, 90 என்று கட்டிவைத்தால் கேமில் வரும் வேக இழப்பைப் பெரும்பாலானோர் கவனிக்கவே மாட்டார்கள், சூடு மட்டும் கணிசமாக இறங்கும். செலவு ஒரு சதமும் இல்லை. ரைசன் 5 5600 போல 76 வாட்டுக்கு மேல் போகாத புரொசஸர் என்றால் வாட்டர் கூலிங் தேவையே இல்லை. ஹீட் பைப் வைத்த ஒரு நல்ல ஏர் கூலர், அதாவது புரொசஸரின் மேல் உட்காரும் உலோக இதழ்களும் ஃபேனும், தாராளமாகப் போதும். இரட்டைக் கோபுர ஏர் கூலர்கள் சாதாரண 240 கிட்டோடு, அதாவது 240 மில்லிமீற்றர் ரேடியேட்டர் உள்ளதோடு, சமமாக நிற்கும். அதில் பழுதாக ஃபேன் ஒன்றைத் தவிர வேறு எதுவும் இல்லை.

பிறகு யாருக்குத்தான் வாட்டர் கூலிங்? தொடர்ந்து 150 வாட்டுக்கு மேல் ஓடும் வேலை வைத்திருப்பவருக்கு, உயரமான ஏர் கூலர் கொள்ளாத கேசிங் வைத்திருப்பவருக்கு, ரெண்டரிங் போட்டுவிட்டு அதே அறையில் படுத்து நித்திரை கொள்ள வேண்டியவருக்கு.

மூடியதும் திறந்ததும்

கடையில் ஏஐஓ என்று விற்பது மூடிய வகை. தொழிற்சாலையிலேயே தண்ணீர் நிரப்பி அடைத்து வரும், திறக்கத் தேவையில்லை. டியூபின் சுவர் வழியாக வருடக்கணக்கில் மெல்ல மெல்ல நீராவி வெளியேறும் என்பதால் அதற்கு ஆயுள் உண்டு. நல்ல கம்பெனிகள் ஐந்து, ஆறு வருட உத்தரவாதம் தருகின்றன, மலிவு வகைகளுக்கு இரண்டு அல்லது மூன்று. திறந்த வகை தனித்தனிப் பாகங்களாக வரும், நாமே பூட்டி நாமே தண்ணீர் விட வேண்டும். பழுதானால் ஒரு பாகத்தை மட்டும் மாற்றலாம். ஆனால் அறிவும் பொறுமையும் கூடுதலாகக் கேட்கும்.

குறைந்த காசில் முதல் தடவை வாங்குபவர் மூடிய 240 வகையை எடுப்பதே என் எண்ணம். மலிவுத் திறந்த கிட்டில்தான் கீழே சொல்லும் சிக்கல் மிக மோசமாக வருகிறது.

உலோகம்: பெட்டியில் எழுதாத விஷயம்

செம்பையும் அலுமினியத்தையும் ஒரே தண்ணீரில் சுற்றவிட்டால் அது மெதுவாக வேலை செய்யும் ஒரு பற்றரி ஆகிவிடுகிறது. அலுமினியம் வேதியியலில் செம்பைவிடத் துடிப்பானது, ஆகவே அரிபடுவது அதுதான். செம்பிலிருந்து கரைந்து வரும் சிறு துகள்கள் அலுமினியத்தின் மேல் போய்ப் படிந்து, படிந்த இடத்தில் குழி விழுகிறது. அரிந்த அலுமினியம் வெள்ளைக் கூழாக மாறித் தண்ணீரோடு சுற்றி, லூப்பிலேயே ஒடுக்கமான இடத்தில் போய்ச் சிக்கும். அந்த ஒடுக்கமான இடம் கோல்ட் பிளேட்.

உப்புவெளிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு மலிவுத் திறந்த கிட்டின் கோல்ட் பிளேட்டைக் கழற்றிப் பார்த்தேன். உள்ளே செம்புத் தகடுகள் சீப்புப் பல்லைவிட நெருக்கமாக, இடையில் ஒரு தாள் நுழையும் அளவு வெளி விட்டு நிற்கும். அந்த வெளி முழுவதும் சோற்றுக் கஞ்சி உறைந்ததுபோல வெள்ளையாக நிரம்பியிருந்தது. பழைய பல் தூரிகையால் தேய்த்தபோது தகடுகளுக்கு ஒன்றும் ஆகியிருக்கவில்லை, செம்பு பளிச்சென்று வந்தது. கெட்டது ரேடியேட்டர். அதன் ஃபிட்டிங் துளைக்குள், அதாவது டியூபைப் பூட்டும் இடத்துக்குள், டோர்ச் அடித்துப் பார்த்தால் சுவர் முழுக்க ஊசியால் குத்தியதுபோல் புள்ளிகள். விற்றவர் செம்புக் கோல்ட் பிளேட்டும் அலுமினிய ரேடியேட்டரும் ஒரே கிட்டாகக் கட்டி விற்றிருக்கிறார், வாங்கியவர் வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் விட்டிருக்கிறார். ஏழு மாதம் ஓடியிருக்கிறது.

மூடிய வகைகளிலும் பெரும்பாலும் செம்புத் தட்டும் அலுமினிய ரேடியேட்டரும்தான் இருக்கின்றன. அவை தாக்குப்பிடிப்பது உள்ளே விட்டிருக்கும் அரிப்புத் தடுப்பானால். அதனால்தான் மூடிய கிட்டைத் திறந்து வெறும் தண்ணீர் நிரப்பக் கூடாது. நிரப்பினால் தடுப்பான் ஐதாகி அரிப்பு தொடங்கும்.

திறந்த கிட்டின் உலோகத்தைக் கண்டுபிடிப்பது இப்படி:

1. விவரப் பகுதியில் ரேடியேட்டர் எந்த உலோகம் என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். எழுதாவிட்டால் அலுமினியம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். செம்பு வைத்தவர் அதைச் சொல்லாமல் விடமாட்டார்.
2. காந்தம் பிடித்துப் பார்ப்பதால் பயனில்லை. செம்பு, பித்தளை, அலுமினியம் மூன்றிலும் காந்தம் ஒட்டாது. கையில் தூக்கிப் பாருங்கள், செம்பும் பித்தளையும் பாரம் காட்டும்.
3. ஃபிட்டிங் துளைக்குள் இருக்கும் திருகு மறையை வெளிச்சத்தில் பாருங்கள். மஞ்சளாக இருந்தால் பித்தளை. சாம்பல் வெள்ளை என்றால் சந்தேகப்படுங்கள்.
4. கோல்ட் பிளேட் வெள்ளி நிறமாக இருப்பதை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம். நிக்கல் பூசிய செம்பும் அந்த நிறம்தான், அது செம்போடு ஒத்துப்போகும்.

முழுக்க அலுமினியமான கிட்டும் இருக்கிறது. தன்னளவில் அதில் தவறில்லை. ஐரோப்பிய நிறுவனமான ஈகே 2017இல் அப்படி ஒரு மலிவு வரிசையையே வெளியிட்டது. பிறகு ஒரு செம்புப் பாகத்தை வாங்கி அதோடு சேர்க்கும்போதுதான் கெடுதி.

எந்தத் தண்ணீர்

நம் கரையோரக் கிணறுகளின் தண்ணீரில் உப்பும் சுண்ணாம்பும் இருக்கும். கேத்தலின் அடியில் படியும் வெள்ளைப் படலம்தான் சாட்சி. உப்பிலிருக்கும் குளோரைட் அலுமினியத்தின் இயற்கைக் காப்புப் படலத்தை உடைத்துவிடும், சுண்ணாம்பு செம்புத் தகடுகளின் மேல் படியும். குழாய்த் தண்ணீரும் ஆகாது, போத்தலில் விற்கும் குடிதண்ணீரும் ஆகாது. கொதிக்கவைத்து ஆறவைத்தாலும் உப்பு அப்படியே நிற்கும்.

வேண்டியது காய்ச்சி வடித்த நீர். வாகன உதிரிப்பாகக் கடைகளிலும் எரிபொருள் நிலையங்களிலும் பற்றரித் தண்ணி என்று விற்பது இதற்கு உதவும், ஆனால் லேபிளை வாசித்து வாங்குங்கள். பற்றரி அசிட் வேறு பொருள், போத்தல் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும்.

வெறும் வடித்த நீர் மட்டும் போதாது. அரிப்புத் தடுப்பான் வேண்டும், பாசி பிடிக்காமல் கிருமிநாசினியும் வேண்டும். கொம்பியூட்டருக்கென்றே கலந்து வரும் கூலன்டில் இரண்டும் இருக்கும். கிட்டோடு அது வராவிட்டால் தனியாக ஒரு லீற்றர் வாங்குவதுதான் நல்ல வழி. நிறமில்லாததை எடுங்கள். பால் போலக் கலங்கலாக, அழகாகத் தெரியும் வகைகளில் மிதக்கும் நுண்துகள்கள் நாளடைவில் கோல்ட் பிளேட்டில் படியும். மயில்துத்தம் சேர்ந்த கிருமிநாசினியை அலுமினிய லூப்பில் ஒருபோதும் விடக் கூடாது. அது செம்பை நேரே தண்ணீரில் கரைத்துவிடுவதற்குச் சமம்.

பல கூலன்ட்களில் எத்திலீன் கிளைக்கோல் இருக்கிறது. அது நஞ்சு, சுவையோ இனிப்பு. மிஞ்சியதைச் சோடாப் போத்தலில் ஊற்றி வைக்காதீர்கள். பிள்ளைகளும் வளர்ப்பு நாய்களும் இருக்கும் வீட்டில் இது விளையாட்டுக் காரியம் இல்லை.

ஐஸ் போட்டால் என்ன என்ற கேள்விக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடலாம். 32 பாகையும் 75 வீத ஈரப்பதனும் உள்ள அறையில் 27 பாகைக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பொருளும் வியர்க்கும். ஐஸ் தண்ணீர் டம்ளரின் வெளிப்பக்கம் நனைவது இதனால்தான். அந்த நனைவு புரொசஸரைச் சுற்றி, மதர்போர்டின் மேல் நடக்கும்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

1. சொக்கெட், அதாவது மதர்போர்டில் புரொசஸர் உட்காரும் இடம். இன்டெலின் எல்ஜிஏ1700 போர்டில் துளைகளின் இடைவெளி 78 மில்லிமீற்றர், அதற்கு முந்திய எல்ஜிஏ1200இல் 75. பழைய கிட்டை வாங்கினால் 1700க்கான பிடி தனியாக வேண்டும். ஏஎம்டியின் ஏஎம்4க்கு வந்த பிடிகளில் பல ஏஎம்5இலும் பொருந்தும்.
2. ரேடியேட்டர் அளவு. தொடர்ந்து 100 வாட் அளவுக்கு 120, 200 வாட் அளவுக்கு 240, அதற்கு மேல் 360 என்பது தோராயமான பழக்கக் கணக்கு. நம் வெக்கைக்கு ஒரு படி கூட்டிப் பிடியுங்கள். 120 ஒற்றை ரேடியேட்டர் கிட்டை நான் யாருக்கும் சொல்லமாட்டேன். அந்தக் காசுக்கு ஏர் கூலர் நன்றாக வேலை செய்யும்.
3. கேசிங்கில் இடம். ரேடியேட்டர் 27, ஃபேன் 25, ஆக 52 மில்லிமீற்றர். மேலே பூட்டுவதானால் ரேம் தடுக்குமா என்று அளந்து பாருங்கள்.
4. டியூப். கறுப்பு ரப்பர் வகை கூடுதல் காலம் உழைக்கும். கண்ணாடி போன்ற பிவிசி டியூபிலிருந்து, அதை மென்மையாக வைக்கச் சேர்த்த இரசாயனம் கசிந்து தண்ணீர் கலங்கும்.
5. உத்தரவாதம். கொழும்பு பம்பலப்பிட்டியில் வாங்கிக் கூரியரில் எடுப்பித்தால், பழுதுக்கும் அங்கேதான் அனுப்ப வேண்டும். அனுப்பும் செலவு யாருடையது, கசிந்து வேறு பாகம் கெட்டால் பொறுப்பு யாருடையது என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள். நல்ல கம்பெனிக்கும் தவறு நேரலாம், அதை எப்படிக் கையாள்கிறது என்பதே முக்கியம். ஆர்க்டிக் நிறுவனம் 2022இல் தன் லிக்விட் ஃப்ரீசர் 2 வகையின் ரப்பர் வளையத்தில் குறை இருப்பதைத் தானே அறிவித்து, மாற்றுப் பாகங்களை இலவசமாக அனுப்பியது.
6. பாவித்த ஏஐஓ வேண்டவே வேண்டாம். உள்ளே எவ்வளவு தண்ணீர் மிஞ்சியிருக்கிறது என்று பார்க்க வழியில்லை.

பூட்டும்போது

மூடிய கிட்டில் எப்போதும் கொஞ்சம் காற்று இருக்கும், அது உயரமான இடத்துக்குப் போகும். அந்த உயரமான இடம் பம்பாக இருக்கக் கூடாது. ரேடியேட்டரைக் கேசிங்கின் மேற்பக்கத்தில் பூட்டினால் கவலை இல்லை. முன்பக்கத்தில் பூட்டினால் அதன் மேல் விளிம்பு பம்பைவிட உயரத்தில் இருக்க வேண்டும். அடியில் பூட்டினால் காற்று பம்புக்குள் ஏறி, சரசரவென்று சத்தம் வரும், ஆயுளும் குறையும்.

கோல்ட் பிளேட்டில் ஒட்டியிருக்கும் மெல்லிய பிளாஸ்டிக்கை உரிக்க மறப்பது நீங்கள் நினைப்பதைவிட அதிகம். பம்பின் வயரை மதர்போர்டில் ஏஐஓ பம்ப் என்று எழுதிய இடத்தில் செருகி, எப்போதும் முழு வேகத்தில் ஓடும்படி வையுங்கள். ஃபேன் இடத்தில் செருகினால், சூடு குறைந்த நேரத்தில் பம்பையும் போர்ட் மெதுவாக்கிவிடும்.

திறந்த கிட் என்றால் இன்னும் சில படிகள். புது ரேடியேட்டருக்குள் ஈயம் பற்றவைத்த மெழுகு எச்சம் இருக்கும், சூடான வடித்த நீரால் நிறம் தெளியும்வரை குலுக்கிக் கழுவுங்கள். தண்ணீர் நிரப்பும்போது மதர்போர்டுக்கோ கிராபிக்ஸ் கார்டுக்கோ மின்சாரம் போகக் கூடாது. பவர் சப்ளையிலிருந்து பம்புக்குப் போகும் வயரைத் தவிர மற்ற எல்லாச் செருகிகளையும் பாகங்களிலிருந்து கழற்றி, 24 முனைச் செருகியின் பச்சை வயரையும் ஒரு கறுப்பு வயரையும் சிறு கம்பியால் இணைத்தால் பம்ப் மட்டும் ஓடும். பம்ப் வெறுமையாக ஓடவே கூடாது, அதன் அச்சுக்கு எண்ணெய் அந்தத் தண்ணீர்தான். தண்ணீர்த் தாங்கி காலியாகும்போது நிறுத்தி, நிரப்பி, மறுபடி ஓட்டுங்கள். ஒவ்வொரு ஃபிட்டிங்கின் கீழும் டிஷ்யூத் தாள் வைத்து 24 மணித்தியாலம் ஓடவிட்டு, ஒரு துளி ஈரமும் இல்லை என்று கண்ட பிறகே மற்றவற்றுக்கு மின்சாரம் கொடுங்கள்.

பூட்டியதும் ஐந்து நிமிடம் ஓட்டிப் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். தண்ணீர் மெதுவாகத்தான் சூடேறும். முழு வேலை கொடுத்து முக்கால் மணித்தியாலம் கழித்து வரும் எண்தான் உண்மையான எண்.

உப்புக் காற்றும் பராமரிப்பும்

கடலிலிருந்து சில நூறு மீற்றருக்குள் இருக்கும் வீடுகளில் யன்னல் கம்பி எப்படித் துருப்பிடிக்கிறது என்று பாருங்கள். அதே காற்றைத்தான் ஃபேன்கள் ரேடியேட்டர் வழியாக நாள் முழுக்க இழுக்கின்றன. தூசியோடு சேரும் உப்பு ஈரத்தை உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும், அதன் கீழே அலுமினிய இதழ்கள் அரிபடும். முழுக்கக் கறுப்புப் பூச்சு அடித்த ரேடியேட்டர் இங்கே கூடுதல் காலம் தாங்கும். கச்சான் காலத்தில் உப்போடு புழுதியும் சேர்ந்து வரும்.

1. மாதம் ஒரு முறை, கச்சானில் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, ரேடியேட்டரை மென்மையான தூரிகையாலும் ஊதியாலும் சுத்தம் செய்யுங்கள். ஊதும்போது ஃபேன் சுழலாமல் விரலால் பிடியுங்கள்.
2. மூன்று மாதத்துக்கு ஒரு முறை எல்லா ஃபிட்டிங்குகளையும் விரலால் தடவிப் பாருங்கள். வெள்ளையோ பச்சையோ பூத்திருந்தால் அது மெல்லிய கசிவு.
3. திறந்த கிட்டில் வருடம் ஒரு முறை தண்ணீரை முழுதாக மாற்றுங்கள். வடியும் தண்ணீர் கலங்கலாக இருந்தால் கோல்ட் பிளேட்டையும் கழற்றிப் பாருங்கள்.
4. புரொசஸருக்கும் கோல்ட் பிளேட்டுக்கும் இடையே பூசும் தெர்மல் பேஸ்டை இரண்டு அல்லது மூன்று வருடத்துக்கு ஒரு முறை மாற்றினால் போதும்.

சூடு திடீரென்று ஏறினால் முதலில் டியூபைத் தொடுங்கள். நன்றாக ஓடும் லூப்பில் இரண்டு டியூபுக்கும் கைக்கு வித்தியாசம் தெரியாது, மேலே சொன்ன 2 பாகைக் கணக்கு அதுதான். வேலை கூடிய நேரத்தில் இரண்டும் கன்னியா வெந்நீர்க் கிணறுகளில் அள்ளி ஊற்றும் நீர் போல இதமான சூட்டில் இருக்கும். பம்பின் பக்கம் கொதித்து, ரேடியேட்டர் பக்கம் குளிர்ந்து கிடந்தால் தண்ணீர் சுற்றவில்லை: பம்ப் நின்றுவிட்டது அல்லது தகடுகள் அடைத்துவிட்டன. இரண்டு டியூபும் கை வைக்க முடியாத சூடு என்றால் பம்ப் சரி, ரேடியேட்டர் தூசியால் அடைத்திருக்கிறது அல்லது ஃபேன் நின்றிருக்கிறது. டியூப் இதமாக இருந்தும் புரொசஸர் மட்டும் 95 காட்டினால் பேஸ்டையும் திருகாணிகளையும் பாருங்கள்.

கசிவு கண்டால் சுவரிலுள்ள சுவிட்சை அணைத்து, யூபிஎஸ்ஸையும் அணைத்து, வயரைப் பிடுங்குங்கள். கேசிங்கின் பட்டனை மட்டும் அமத்தினால் போர்டில் காத்திருப்பு மின்சாரம் தொடர்ந்து நிற்கும். மதர்போர்டின் நாணய பற்றரியையும் கழற்றுங்கள். நனைந்த பாகங்களை வெளியே எடுத்துத் துடைத்து, கூலன்ட் பட்ட இடத்தை ஐசோபுரொபைல் அற்கஹோலால் கழுவி, ஃபேன் காற்றில் இரண்டு நாள் காயவிடுங்கள். வெயிலில் வைக்க வேண்டாம். ரேம் சொக்கெட்டுக்கும் கிராபிக்ஸ் கார்டின் செருகலுக்கும் உள்ளே ஈரம் இல்லை என்று டோர்ச் அடித்துப் பார்த்த பிறகே மின்சாரம் கொடுங்கள்.